ஃபோர்க் எடுத்த பாதுகாப்பு லைப்ரரி: பெயரை எந்த ஆழம் வரை மாற்றலாம்?

மேக்கில் ஆப்பிளின் டெவலப்பர் கருவிகளோடு வரும் பைத்தானில், இணையத்தோடு பேசும் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியைப் போட்டு ஓட்டியவர்கள் இந்த எச்சரிக்கையைப் பார்த்திருப்பீர்கள்: ரிக்வெஸ்ட்ஸ் சார்ந்திருக்கும் யூஆர்எல்லிப்3-இன் இரண்டாம் பதிப்புக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 அல்லது அதற்கு மேல் வேண்டும், உங்கள் எஸ்எஸ்எல் மாட்யூலோ லிப்ரெஎஸ்எஸ்எல் 2.8.3-ஐ வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. 2.8.3 என்பது 1.1.1-ஐவிடப் பெரிய எண்தானே, அப்புறம் என்ன குறை என்று முதல்முறை பார்க்கிற யாருக்கும் தோன்றும். இரண்டும் இணையத் தொடர்பைக் குறியாக்கும் லைப்ரரிகள்தான், ஆனால் அவை வேறு வேறு திட்டங்களின் எண்கள். ஒன்று தாய்த் திட்டம், இன்னொன்று 2014-இல் அதிலிருந்து பிரிந்த ஃபோர்க், அதாவது அதன் நிரலை நகலெடுத்துத் தனியாக வளரும் கிளை. வெளிப்பெயர் மாறியது, பதிப்பு எண் மாறியது, உள்ளே இருக்கும் ஃபங்ஷன் பெயர்கள் அப்படியே தங்கிவிட்டன. பிரிந்து பல ஆண்டுகள் கழித்துக்கூட, அந்தப் பாதி மாற்றம் யாரோ ஒருவருடைய டெர்மினலில் வந்து நிற்கிறது.

எங்கள் குழு இப்போது இப்படியொரு முடிவின் முன்னால் இருக்கிறது. டோக்கன்களைக் குறியாக்க நாங்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஒரு சி லைப்ரரியின் பராமரிப்பு மெதுவாகிவிட்டது. அனுப்பிய திருத்தங்கள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கின்றன. ஃபோர்க் எடுப்பதென்று முடிவாகிவிட்டது. பெயரை என்ன செய்வது, உள்ளே எவ்வளவு மாற்றி எழுதுவது என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. கூட்டங்களில் நான் சொன்னதையும், சொல்ல நேரம் கிடைக்காததையும் சேர்த்து எழுதுகிறேன். இதே இடத்தில் வேறு குழுக்களும் நிற்கக்கூடும்.

எல்லாத் தேர்வுகளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். தாய்த் திட்டத்தில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அறிவிக்கப்பட்டு, அதற்கான பேட்ச், அதாவது திருத்தம், வெளியாகிற நாளில், அதை நம் கிளைக்குள் கொண்டுவந்து நம் பயனர்கள் கையில் சேர்க்க எத்தனை மணி நேரம் ஆகும்? படம் வரையும் லைப்ரரியாக இருந்தால் ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை. குறியாக்க லைப்ரரிக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதலில் உரிமம்

பெயர் மாற்றுவது பல சமயம் நம் விருப்பமே இல்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய உரிமத்தில் ஒரு விதி நேராகவே சொன்னது: இதிலிருந்து உருவான எதற்கும் "ஓப்பன்எஸ்எஸ்எல்" என்று பெயர் வைக்கக் கூடாது, முன்கூட்டி எழுத்தில் அனுமதி பெறாமல் அந்தச் சொல் பெயரின் ஒரு பகுதியாகவும் வரக் கூடாது. லிப்ரெஎஸ்எஸ்எல், போரிங்எஸ்எஸ்எல் என்று பிள்ளைகள் எல்லாம் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள். 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பிலிருந்து உரிமம் அப்பாச்சி 2.0 ஆனது. அதுவும் வணிகப் பெயரைப் பயன்படுத்தும் உரிமையைத் தருவதில்லை. மாற்றிய ஃபைல்களில் மாற்றினோம் என்று தெரியும்படி குறிப்பு வைக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

ஆக வெளிப்பெயரை மாற்றியே தீர வேண்டும். பழைய காப்புரிமை வரிகளை அழிக்கவும் கூடாது. பெயர் மாற்றும் உற்சாகத்தில் எல்லா ஃபைல்களிலும் தேடு-மாற்று ஓட்டி, மூல ஆசிரியர்களின் காப்புரிமை வரிகளையும் சேர்த்து மாற்றிவிடுவது எல்லோருக்கும் நடக்கக்கூடிய தவறு. அது உரிம மீறல், அதோடு எழுதியவருக்குச் செய்யும் அநியாயமும்கூட.

சரி, அதற்கு உள்ளே போவோம். ஒரு லைப்ரரிக்குப் பெயர் ஒன்றல்ல. பேக்கேஜாக நிறுவும்போது ஒரு பெயர். நிரலில் இம்போர்ட் செய்யும் பாதை அல்லது ஹெடர் ஃபைல் ஒரு பெயர். கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் பார்க்கும் ஃபங்ஷன் பெயர்கள், அதாவது சிம்பல்கள், இன்னொரு அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில், டிஸ்க்கிலும் நெட்வொர்க்கிலும் எழுதப்படும் பைட்களுக்குள் ஒளிந்திருக்கும் பெயர்கள். எங்கள் வாக்குவாதங்களில் பாதி, இந்த நான்கையும் ஒரே "பெயர்" என்று பேசியதால் வந்தவை.

உள்ளே எதையும் தொடாமல் விடுவது

இந்த வழிக்கு முழு உதாரணம் லிப்ரெஎஸ்எஸ்எல்தான். 2014 ஏப்ரல் 7-ஆம் தேதி ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளியானது. 2012-இல் வந்த 1.0.1 பதிப்பிலிருந்தே அது உள்ளே இருந்தது. அதே மாதம் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் குழு ஃபோர்க் எடுத்து, முதல் வாரத்திலேயே 90,000 வரி சி நிரலை வெட்டி எறிந்தது. ஓஎஸ்/2, நெட்வேர், பழைய மேக் ஓஎஸ் என்று எப்போதோ காலாவதியான தளங்களுக்கான நிரலெல்லாம் போனது. ஆனால் லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ என்ற பெயர்களும் ஃபங்ஷன் பெயர்களும் மாறவில்லை. ஏற்கெனவே எழுதிய நிரல்கள் மறுபடி கம்பைல் செய்தால் ஓட வேண்டும் என்பது நோக்கம்.

நல்ல நோக்கம். சிக்கல் ஒரு மேக்ரோவில் வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடரில் பதிப்பு எண்ணைச் சொல்லும் மேக்ரோ, அதாவது கம்பைல் ஆகும்போது மதிப்பாக மாறும் பெயர், ஒன்று உண்டு. லிப்ரெஎஸ்எஸ்எல் தன் சொந்த எண்ணுக்குத் தனி மேக்ரோ வைத்துக்கொண்டு, பழைய மேக்ரோவின் மதிப்பை 2.0.0 என்று நிறுத்திவைத்தது. அப்புறம் 2016-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.0 வந்தது, புதிய ஃபங்ஷன்களோடு. உலகம் முழுக்க நிரலாளர்கள் "பதிப்பு 1.1.0 அல்லது அதற்கு மேல் என்றால் புதிய ஃபங்ஷனை அழை" என்று எழுதினார்கள். 2.0.0 என்பது 1.1.0-ஐவிடப் பெரியது அல்லவா? லிப்ரெஎஸ்எஸ்எல்லில் அப்போது இல்லாத ஃபங்ஷன்களைத் தேடி பில்டு உடைந்தது. ஒவ்வொரு திட்டத்திலும் அந்த நிபந்தனைக்குப் பக்கத்தில் "லிப்ரெஎஸ்எஸ்எல்லாக இருந்தால் மட்டும் வேண்டாம்" என்று இன்னொரு நிபந்தனையை ஒட்ட வேண்டிவந்தது. பழைய சி திட்டம் எதையாவது திறந்து பாருங்கள், அந்த ஒட்டு இன்னும் இருக்கும்.

ஒட்டுப் போடுகிற வேலை யார் தலையில் விழுந்தது என்பதுதான் முக்கியம். ஃபோர்க் எடுத்தவர்கள் தலையில் இல்லை, அதைப் பயன்படுத்திய மற்றவர்கள் தலையில். ஆல்பைன் லினக்ஸ் 2016 இறுதியில் வந்த 3.5 பதிப்பில் லிப்ரெஎஸ்எஸ்எல்லுக்கு மாறி, 2019 தொடக்கத்தில் 3.9-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே திரும்பியது. 2021-இல் ஜென்டூ ஆதரவை விலக்கிக்கொண்டது, வாய்ட் லினக்ஸும் திரும்பிவிட்டது. பைத்தான் 3.10 ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-ஐக் கட்டாயமாக்கியது.

அதற்காக லிப்ரெஎஸ்எஸ்எல் தோற்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஓப்பன்பிஎஸ்டிக்குள் அது நன்றாக ஓடுகிறது. அங்கே லைப்ரரியும் அதை அழைக்கும் நிரல்களும் ஒரே குழுவின் கையில் இருக்கின்றன, ஓரிடத்தில் உடைந்தால் மறு இடத்தை அன்றே சரிசெய்துவிடலாம். பழைய பெயரை உள்ளே வைத்துக்கொள்வது என்பது ஒரு வாக்குறுதி: தாய்த் திட்டம் நாளைக்கு எப்படி மாறினாலும் நானும் அப்படியே இருப்பேன் என்று சொல்வது. அழைக்கும் நிரல்களும் உங்கள் கையில் இருந்தால் அந்த வாக்குறுதியைத் தளர்த்திக்கொள்ளலாம். வெளியாட்கள் நம்பியிருந்தால் முடியாது. அந்தக் குழுவே பிறகு லிப்டிஎல்எஸ் என்று எளிமையான புதிய ஏபிஐ (மற்ற நிரல்கள் அழைக்கும் ஃபங்ஷன்களின் தொகுப்பு) ஒன்றை எழுதியது. அதன் ஃபங்ஷன்களுக்கு எல்லாம் புது முன்னொட்டு, பழையதோடு எந்த மோதலும் இல்லை.

இரண்டு பெயரிலும் தருவது

பைத்தான் உலகில் பைகிரிப்டோ என்ற குறியாக்க லைப்ரரியின் கடைசிப் பதிப்பு 2.6.1, வந்தது 2013-இல். அதற்குப் பிறகு பராமரிப்பு நின்றுபோனது. கண்டுபிடிக்கப்பட்ட பஃபர் வழிதல் ஓட்டைக்கும் புதிய வெளியீடு வரவில்லை. அதிலிருந்து பிரிந்த பைகிரிப்டோடோம் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது: ஒரே நிரலை இரண்டு பேக்கேஜ்களாகத் தருகிறது. பைகிரிப்டோடோம் என்று நிறுவினால் பழைய "கிரிப்டோ" என்ற இம்போர்ட் பெயரிலேயே வந்து உட்காரும். கடைசியில் எக்ஸ் சேர்த்து பைகிரிப்டோடோமெக்ஸ் என்று நிறுவினால் "கிரிப்டோடோம்" என்ற புதுப் பெயரில் வரும்.

முதல் வழி பழைய நிரலை ஒரு வரிகூட மாற்றாமல் காப்பாற்றுகிறது. ஆனால் பழைய பைகிரிப்டோவும் அதே கணினியில் இருந்தால் இரண்டும் ஒரே ஃபோல்டருக்குள் ஃபைல்களை எழுதும். எது கடைசியாக நிறுவப்பட்டதோ அதன் ஃபைல்கள் மேலே இருக்கும், ஒன்றில் மட்டும் இருக்கிற ஃபைல்கள் அப்படியே மிச்சமிருக்கும். சரி, பழையதை நீக்கிவிடலாம் என்று நீக்கினால், பைத்தானின் நிறுவும் கருவியான பிப், பழையது எழுதியதாக நினைக்கும் ஃபைல்களையெல்லாம் அழிக்கும், புதியதின் ஃபைல்களும் சேர்ந்து போகும். நம் நிரலில் பழையது இல்லையே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. நாம் நிறுவிய வேறு ஏதோ ஒரு பேக்கேஜ் அதைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு வரும். இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள் என்று பைகிரிப்டோடோம் ஆவணமே எச்சரிக்கிறது. புதிதாக எழுதும் எவருக்கும் நான் எக்ஸ் வைத்ததையே சொல்வேன்.

ஆண்ட்ராய்டில் நடந்தது இன்னும் தெளிவானது. ஆண்ட்ராய்டு தன்னோடு பவுன்சி காசில் என்ற ஜாவா குறியாக்க லைப்ரரியின் வெட்டிச் சுருக்கிய வடிவத்தைக் கொண்டுவந்தது. முழு லைப்ரரியையும் தங்கள் செயலிக்குள் சேர்க்க விரும்பியவர்களுக்கு கிளாஸ் பெயர்கள் மோதின. அதற்காகவே ஸ்பாஞ்சி காசில் பிறந்தது: பேக்கேஜ் பெயர் மாற்றம், புரொவைடர் பெயர் பிசி என்பதிலிருந்து எஸ்சி, அவ்வளவுதான். உள்ளே எதையும் திருத்தி எழுதவில்லை. பெயர் மாற்றத்தை ஸ்கிரிப்ட் செய்துவிடும் என்பதால் தாய்த் திட்டத்தின் புதிய பதிப்பு வந்ததும் அதை மறுபடி ஓட்டினால் போதும். பேட்ச் வரும் நாள் பற்றிய என் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை. பிறகு ஆண்ட்ராய்டே தன் உள் பிரதியின் பேக்கேஜ் பெயரை மாற்றிக்கொண்டது.

எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது

எங்கள் குழுவில் இளையவர்களுக்கு இதில்தான் ஆசை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது: பழைய நிரல் படிக்கவே முடியாத அளவுக்கு இருக்கிறது, படிக்க முடியாத நிரலில் ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஓப்பன்எஸ்எஸ்எல்லே 2015 ஜனவரியில் தன் நிரல் முழுவதையும் ஒரே பாணிக்கு மாற்றி எழுதிக்கொண்டது.

போரிங்எஸ்எஸ்எல் இந்தப் பாதையில் வெகுதூரம் போனது. அதற்கு முன்னால் கூகுள் பல ஆண்டுகள் ஃபோர்க் எடுக்காமல், ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு மேல் தன் பேட்ச்களை அடுக்கி அடுக்கி வைத்து ஓட்டியது. அந்த அடுக்கு எழுபதைத் தாண்டிய பிறகு 2014 ஜூனில் தனிக் கிளை என்று அறிவித்தார்கள். ஃபோர்க்கே எடுக்காமல் பேட்ச் அடுக்கோடு ஓட்டுவதும் ஒரு தேர்வுதான். ஐந்து, பத்து பேட்ச் வரை எனக்கு அதுவே பிடிக்கும், நாங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டோம். போரிங்எஸ்எஸ்எல் குழு தேவையில்லாததையெல்லாம் நீக்கியது, ஏபிஐயை வேண்டியபோது மாற்றியது. அறிமுகக் குறிப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: இது கூகுளின் தேவைக்கானது, ஏபிஐ நிலையாக இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது, வெளியார் இதை நம்பியிருக்க வேண்டாம். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அப்படி எழுத, அழைக்கும் நிரல்களையெல்லாம் தானே திருத்திக்கொள்ளும் ஒரு கூகுள் வேண்டும். எங்களிடம் ஐந்து பேர் இருக்கிறோம்.

மாற்றி எழுதுவதில் உள்ள ஆபத்துக்கு, ஒவ்வொரு முறையும் நான் நினைவுகூர்வது டெபியன் லினக்ஸில் நடந்ததை. 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் பார்த்துக்கொண்டவர்கள், மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்த விரும்பினார்கள். நிரலைச் சுத்தமாக வைக்கும் நல்ல எண்ணம்தான். எச்சரிக்கைக்குக் காரணமான வரிகளைச் செயலிழக்கச் செய்தார்கள். அதில் ஒன்று, ரேண்டம் எண் உருவாக்கத்துக்குள் சீரற்ற தரவைக் கலக்கும் வரி. அது போனதும் கலக்க மிஞ்சியது நடப்பில் இருந்த புராசஸ் எண் மட்டுமே, அதிகபட்சம் 32,768. அந்த முறையில் உருவான எஸ்எஸ்எச் சாவிகள் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படுபவை) ஒவ்வொரு வகைக்கும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிவிட்டன. 2008 மே 13 வரை யாருக்கும் தெரியவில்லை. எந்தச் சோதனையும் தோற்கவில்லை, எல்லா நிரலும் ஓடியது, சாவிகள் பார்க்க சாவிகள் போலவே இருந்தன.

குறியாக்க நிரலில் தவறு சத்தம் போடாது. சாதாரண நிரலில் மாற்றி எழுதும்போது ஏதாவது உடைந்தால் தப்பான விடை வரும், திரை வெறுமையாகும், யாராவது புகார் செய்வார்கள். இங்கே சோதனை எல்லாம் பச்சையாக இருக்கும், பலவீனம் மட்டும் உள்ளே புகுந்திருக்கும். அதனால்தான் முதல் ஆறு மாதத்தில் மாற்றி எழுதும் கமிட் (களஞ்சியத்தில் பதியும் மாற்றம்) ஒன்றுகூட வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். நீக்கலாம். பயன்படுத்தாத அல்காரிதங்களை, செத்துப்போன தளங்களுக்கான நிரலை எவ்வளவு வேண்டுமானாலும் நீக்கலாம். நீக்கிய பகுதிக்கு தாய்த் திட்டத்தில் பேட்ச் வந்தால் நமக்கு அது தேவையே இல்லை. இருக்கும் நிரலின் ஒரு ஃபங்ஷனை நான்காகப் பிரித்து எழுதினால், அடுத்த பேட்ச்சை ஒவ்வொரு வரியாகக் கையால் பொருத்த வேண்டும்.

சிம்பல்

பேக்கேஜ் பெயர், ஹெடர் பெயர் பற்றி ஊரெல்லாம் விவாதம் நடக்கும். லிங்கர் பார்க்கும் சிம்பல் பெயர் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் தூக்கத்தைக் கெடுக்கும் அடுக்கு.

ஒரு சர்வர் புராசஸை எடுத்துக்கொள்ளுங்கள். அது நம் ஃபோர்க்கை இணைத்திருக்கிறது. அதே புராசஸுக்குள் ஒரு டேட்டாபேஸ் டிரைவர் ஏற்றப்படுகிறது, அந்த டிரைவர் தாய்த் திட்டத்தின் மூல லைப்ரரியை இழுத்துக்கொண்டு வருகிறது. இரண்டிலும் "புதிய கான்டெக்ஸ்ட் உருவாக்கு" என்ற ஃபங்ஷன் ஒரே பெயரில் இருக்கிறது. லினக்ஸில் ஓடும்போது லைப்ரரிகளை ஏற்றும் டைனமிக் லோடர் வழக்கமாக முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். எச்சரிக்கை எதுவும் வராது. டிரைவர் தன் லைப்ரரியை அழைப்பதாக நினைத்து நம்முடையதை அழைக்கும். ஸ்ட்ரக்சரில் நாம் ஒரு ஃபீல்டை நீக்கியிருந்தால், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொன்றும் எட்டு பைட் தள்ளிப் படிக்கப்படும். அதிர்ஷ்டம் இருந்தால் புராசஸ் உடனே விழும். இல்லாவிட்டால், சான்றிதழைச் சரிபார்க்கும் கொடி இருந்த இடத்தில் வேறு ஏதோ மதிப்பை வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்கு மருந்து, பில்டு செய்யும்போதே எல்லா வெளிச் சிம்பல்களுக்கும் முன்னொட்டு சேர்ப்பது. நிரலில் ஃபங்ஷன் பெயர் பழையதாகவே இருக்கும். ஒரு ஹெடர் ஃபைல் மேக்ரோக்களால் அதைப் புதுப் பெயருக்குத் திருப்பிவிடும். போரிங்எஸ்எஸ்எல்லில் இதற்கென்றே பில்டு வசதி இருக்கிறது. அதிலிருந்து வந்த ரிங் என்ற ரஸ்ட் லைப்ரரி பதிப்பு எண்ணையே முன்னொட்டில் சேர்த்துக்கொள்கிறது, ஒரே புராசஸில் இரண்டு பதிப்புகள் இருந்தாலும் மோதாது. மூல நிரலில் ஒரு எழுத்தும் மாறாததால் பேட்ச் அப்படியே பொருந்தும், லிங்கர் அடுக்கிலோ முழுப் பாதுகாப்பு. இவ்வளவு குறைந்த விலையில் இவ்வளவு லாபம் தரும் வேறு எந்த மாற்றமும் இந்தப் பட்டியலில் இல்லை.

தொடவே கூடாத பைட்கள்

முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில், ஒரு சிறிய குறியாக்க லைப்ரரியைப் பெயர் மாற்றினோம். பழைய பெயரைத் தேடி எல்லா ஃபைல்களிலும் புதிய பெயரைப் போடும் ஒரு வரிக் கட்டளையை ஓட்டினேன். பில்டு ஆனது, சோதனைகள் எல்லாம் தேறின. வெளியீட்டுக்கு அடுத்த நாள் காலை, பழைய டோக்கன்கள் எதுவும் திறக்கவில்லை. முதன்மைச் சாவியிலிருந்து துணைச் சாவி உருவாக்கும் இடத்தில், எந்தப் பயனுக்கான சாவி என்று சொல்லும் ஒரு சரம் கொடுப்போம். அதன் தொடக்கத்தில் லைப்ரரியின் பழைய பெயர் இருந்தது. கட்டளை அதையும் மாற்றிவிட்டது. சரம் மாறினால் சாவி மாறும். சோதனைகள் ஏன் தேறின? அவை புதிய நிரலில் பூட்டி புதிய நிரலிலேயே திறந்து பார்த்தன. பழைய பதிப்பில் பூட்டிய ஒரு டோக்கனையாவது சோதனை ஃபோல்டரில் வைத்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். ஃபோர்க் எடுத்த முதல் நாள், பெயரில் கை வைப்பதற்கு முன், பழைய லைப்ரரியில் உருவாக்கிய மாதிரிகளைச் சேமித்துவிடுவேன்: பூட்டிய கோப்புகள், கையொப்பங்கள், சாவிகள், ஒவ்வொரு வகையிலும் சில. புதிய கிளை ஒவ்வொரு பில்டிலும் அவற்றைத் திறந்து காட்ட வேண்டும்.

தெரிந்தே இந்த அடுக்கை மாற்றியவர்களும் உண்டு. வட்டுகளைக் குறியாக்கும் ட்ரூகிரிப்ட் 2014 மே மாதம் திடீரென நிறுத்தப்பட்டது. அதிலிருந்து பிரிந்த வெராகிரிப்ட் வால்யூம் ஹெடரில் "ட்ரூ" என்ற நான்கு எழுத்துக் குறியை "வெரா" என்று மாற்றியது. அதில் காரணம் இருந்தது: கடவுச்சொல்லிலிருந்து சாவி எடுக்கும் சுற்றுகளை ஆயிரம், இரண்டாயிரத்திலிருந்து லட்சக்கணக்கில் உயர்த்தியிருந்தார்கள், ஆகவே வடிவமே வேறாகிவிட்டது. அதற்கான விலையையும் கொடுத்தார்கள். பழைய வால்யூம்களைத் திறக்கத் தனி முறை எழுதி, 1.25.9 பதிப்பு வரை பல ஆண்டுகள் அதைச் சுமந்தார்கள். அப்படிச் சுமக்கத் தயாராக இருந்தால் மட்டும் பைட்களைத் தொடுங்கள்.

உள்பெயர் பழையதாக இருப்பது அசிங்கமாக இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு தகவல். ஓப்பன்எஸ்எஸ்எல்லே ஒரு ஃபோர்க்தான். எரிக் யங்கும் டிம் ஹட்சனும் எழுதிய எஸ்எஸ்எல்ஈஏஒய் என்ற லைப்ரரியிலிருந்து 1998 டிசம்பரில் வந்தது. ஈஏஒய் என்பது எரிக் ஏ. யங்கின் முதலெழுத்துகள். விண்டோஸில் அதன் டிஎல்எல் ஃபைல்கள் லிப்ஈஏஒய்32, எஸ்எஸ்எல்ஈஏஒய்32 என்ற பழைய பெயரிலேயே இருந்தன. எப்போது மாற்றினார்கள் தெரியுமா? 2016-இல், 1.1.0 பதிப்பில். கிட்டத்தட்ட 18 ஆண்டுகள் அந்த உள்பெயரால் யாருக்கும் கெடுதல் வரவில்லை.

நான் கேட்கும் வரிசை

எங்களுக்கு வழிகாட்டியாக நான் காட்டுவது, ஜேடபிள்யூடி என்ற வகை டோக்கன்களைக் கையாளும் கோ மொழி லைப்ரரியை. பழைய களஞ்சியத்தில் பராமரிப்பு நின்றிருந்தது. டோக்கன் யாருக்கானது என்று சொல்லும் புலம் பட்டியலாக வந்தால் சரிபார்ப்பு வழுக்கிப்போகும் ஓட்டை ஒன்றும் அதில் திறந்தே கிடந்தது. 2021-இல் புதிய குழு ஒன்று கோலாங்-ஜேடபிள்யூடி என்ற பெயரில் எடுத்துக்கொண்டது, பழைய களஞ்சியமே பயனர்களை அங்கே அனுப்பியது. முதல் வெளியீடான 3.2.1-இல் இம்போர்ட் பாதை மாறியது, அந்த ஓட்டை அடைபட்டது. அதன் பின் 4-ஆம் பதிப்பில் கோ மாட்யூல் முறை வந்தது, நடத்தை பழையபடியே இருந்தது. சரிபார்ப்பு முறையை உள்ளே மாற்றி எழுதும் வேலை 2023-இல் வந்த 5-ஆம் பதிப்பு வரை காத்திருந்தது. பயனர்கள் ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே விழுங்க வேண்டியிருந்தது.

அதிலும் வலி இருந்தது, மறைக்கவில்லை. கோ மொழியில் இம்போர்ட் பாதை மாறினால் டைப்பும் வேறாகிவிடும். உங்கள் நிரல் புதிய பாதைக்கு மாறி, இடையில் இருக்கும் மிடில்வேர் பழைய பாதையில் நின்றால், ஓடும்போது பேனிக் ஆகும்: மதிப்பு ஜேடபிள்யூடி டோக்கன் வகை, நீங்கள் கேட்ட ஜேடபிள்யூடி டோக்கன் வகை அல்ல, இரண்டும் வேறு பேக்கேஜ்களிலிருந்து வந்தவை. ஒரே பெயரை இரண்டு முறை சொல்லும் அந்தச் செய்தியைப் பார்த்து மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். ஆனாலும் அது சத்தமாக விழுந்தது. சத்தமாக விழும் தவறோடு நான் வாழ்ந்துவிடுவேன்.

ஆக, எங்கள் குழுவுக்கு நான் முன்வைப்பது இதுதான். முதல் வெளியீட்டில் பேக்கேஜ் பெயரும் ஹெடர் ஃபோல்டரும் மாறும், சிம்பல்களுக்கு முன்னொட்டு வரும், பழைய மாதிரிகள் சோதனைக்குள் போகும். பதிப்பு எண்ணை 1-இலிருந்து தொடங்குவோம், தாய்த் திட்டத்தின் பதிப்பு மேக்ரோவை வைத்துக்கொள்ள மாட்டோம். யாராவது அதைக் கேட்டால் கம்பைல் அங்கேயே நிற்கும்படி செய்வோம். மூல நிரலில் ஃபங்ஷன் பெயர்கள் மாறாது. பெயர் மாற்றும் கமிட்டுகளை ஸ்கிரிப்ட்தான் உருவாக்கும், அந்த ஸ்கிரிப்டும் களஞ்சியத்திலேயே இருக்கும். கிட் பிளேமில் அந்தக் கமிட்டுகளைத் தாண்டிப் பார்க்கும் பட்டியலிலும் அவற்றைச் சேர்த்துவிடலாம், எந்த வரியை யார் எதற்காக எழுதினார்கள் என்ற வரலாறு தெரிந்துகொண்டே இருக்கும்.

பெயர் மாறியதும் ஓட்டை தேடும் ஸ்கேனர்களுக்கு நாம் மறைந்துவிடுவோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவை பெரும்பாலும் பேக்கேஜ் பெயரையும் பதிப்பையும் வைத்துத்தான் பொருத்திப் பார்க்கின்றன. தாய்த் திட்டத்தின் பெயரில் வரும் சிவிஇ (எண்ணிட்ட பொது ஓட்டைப் பதிவு) நம் பெயரைத் தொடாது, நம் பயனரின் அறிக்கை பச்சையாகவே இருக்கும். மென்பொருள் உறுப்புப் பட்டியலுக்கான சைக்ளோன்டிஎக்ஸ் வடிவத்தில் பூர்வீகம் சொல்ல ஒரு பகுதி உண்டு: எந்த மூலத்திலிருந்து, எந்தக் கமிட்டிலிருந்து, எந்தப் பேட்ச்களோடு வந்தோம் என்று அதில் எழுதலாம். அதை நிரப்புவோம். ஆனால் எல்லா ஸ்கேனரும் அதைப் படிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. தாய்த் திட்டத்தின் ஒவ்வொரு பாதுகாப்பு அறிவிப்புக்கும், அது நம்மைப் பாதிக்கிறதா இல்லையா என்று நம் பெயரில் ஒரு பதில் அறிவிப்பு வெளியிட வேண்டும். ஐந்து பேரில் ஒருவருக்கு இது நிரந்தர வேலை. அந்த ஒருவரை ஒதுக்க முடியாவிட்டால் ஃபோர்க்கே எடுக்க வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

மாற்றி எழுதும் வேலையை இரண்டாம் பெரிய பதிப்புக்குத் தள்ளிவைக்கிறோம். அதற்கு முன் ஒரு நாள் வரக்கூடும்: தாய்த் திட்டம் உரிமத்தை மாற்றி, அங்கிருந்து பேட்ச் எடுப்பதே முடியாமல் போகலாம். ஓப்பன்பிஎஸ்டி குழுவுக்கு அது நடந்தது. அவர்களுடைய கொள்கை அப்பாச்சி 2.0 உரிமம் கொண்ட நிரலை ஏற்பதில்லை, ஆகவே ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-இலிருந்து நிரலை அப்படியே எடுக்க வழியில்லை. எங்களுக்கும் அப்படி ஒரு கதவு மூடினால், பேட்ச் பொருந்த வேண்டும் என்பதற்காக அசிங்கமான நிரலைச் சுமக்கும் காரணம் அன்றோடு தீர்ந்துவிடும். அடுத்த நாளே, எங்கள் இளையவர்கள் ஆசைப்பட்டபடி, எங்கள் லைப்ரரியில் இருக்கும் நானூறு வரி ஃபங்ஷனை நானும் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்குவேன்.